திரைக்கடலின் நட்சத்திர மீன்

வானத்து உடுவை மீன் என்றழைத்தது நம் மொழி. கடலில் வாழும் ஐந்து கை உயிரியை நட்சத்திர மீன் என்கிறோம். அதுவும் மீனன்று, இதுவும் மீனன்று! முதுகெலும்பில்லை, துடுப்பில்லை, மூளையுமில்லை. கடல்நீரே அதன் உடலுள் ஓடிச் சின்னஞ்சிறு குழாய்க்கால்களை இயக்குகிறது.

இவ்வுயிரியை அண்மையில் நாம் கண்டது, இல்லச் சந்திப்புக்குச் சென்ற வீட்டில், ஒரு சிறுவன் கையிலிருந்த கருவியின் திரையில். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2020 மார்ச்சில் வெளியிட்ட 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' என்னும் வீடியோ விளையாட்டு அது. அவ்வாண்டு ஜூலையில் கடலுள் மூழ்கும் வசதியும், பிடித்துச் சேர்க்க 40 கடல் உயிரிகளும் அதில் சேர்க்கப்பட்டன. நட்சத்திர மீன் அவற்றுள் ஒன்று. ஆண்டு முழுவதும் எந்நேரமும் கிடைக்கும். முதலில் பிடித்ததை அருங்காட்சியகத்துக்கு அளிக்கலாம். அங்குள்ள ஆந்தையார் ஓர் இனத்தில் ஒன்றுக்குமேல் ஏற்பதில்லை. எஞ்சியவற்றைக் கடையில் கொடுத்தால் ஒன்றுக்கு 500 'பெல்'. எத்தனை பிடித்தாலும் அக்கடல் குறைவதில்லை.

"இதுல பாவம் உண்டா, சாமி?" என்றார் சிறுவனின் தாயார். பொழுது வீணாகிறதே என்பதுதான் அவர் குறை. இல்லையென்று சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை.

விலங்குகளிடம் கொடுமை ஏன் தகாது? அது மனிதரிடமும் கொடுமை காட்டும் மனத்தை வளர்க்கும் என்பது புனித தோமா அக்குவினார் தந்த விடைகளுள் ஒன்று. குருமடத்தில் படித்த நாளிலேயே அது நமக்கு நிறைவளிக்கவில்லை. உயிரியின் துன்பத்தை அது கணக்கிலெடுக்கவில்லையே! ஆயினும் உயிரற்ற இத்திரை மீனுக்கு அது வியப்புறப் பொருந்துகிறது. இங்கே துன்புற எவருமில்லை. தீங்கு உண்டெனில் பிடிப்பவன் உள்ளத்தில்தான். அங்கே படிவது கொடுமை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்த 40 உயிரிகளின் பெயரையும் சிறுவன் அறிவான்; நாம் அறியோம். படிவது வேறொன்று: எடுக்க எடுக்கக் கடல் தானே நிரம்பும் என்னும் உறுதி.

மெய்க்கடல் அவ்வாறன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் 2013 முதல் ஒரு நோயால் நட்சத்திர மீன்கள் கோடிக்கணக்கில் உருக்குலைந்து மடிந்தன. சூரியகாந்தி நட்சத்திர மீன் என்னும் இனத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் அழிந்தது. அவை தின்று அடக்கிவைத்திருந்த கடல் முள்ளெலிகள் பெருகி, கடற்பாசிக் காடுகளை மேய்ந்து தீர்த்தன. நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை 2025இல்தான் அறிவியலார் கண்டறிந்தனர். அந்நோயை எந்த விளையாட்டும் கொணரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த உறுதியைக் கற்க நமக்கு எக்கருவியும் தேவைப்படவில்லை. குருமட நாட்களில், கடற்கரைச் சுற்றுலா ஒன்றில், உயிருள்ள நட்சத்திர மீனொன்றை எடுத்து வந்து சன்னல் விளிம்பில் வெயிலில் வைத்தோம். அதன் குழாய்க்கால்கள் நெடுநேரம் அசைந்துகொண்டிருந்தன. மூளையில்லாததற்கு வலியேது என்று நண்பரொருவர் வாதிட்டார், நாமும் தலையசைத்தோம். இரண்டு நாளில் காய்ந்தது. நூலடுக்கின்மேல் அழகாகவே இருந்தது.

இதைச் சிறுவனிடம் சொன்னோம். கருவியைக் கீழே வைத்துவிட்டு, "அது இப்போ எங்கே இருக்கு, சாமி?" என்றான்.

பங்கு மாறியபோது ஒரு கை முறிந்துவிட்டது, எறிந்துவிட்டோம் என்றோம்.