கறித்தூளுக்குக் கதை இல்லை

மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில் உள்ள ஜொகூர் மாநிலத்தில் லக்சா, அதாவது மீன்குழம்பு ஊற்றி உண்ணும் சேவை, பிற மாநிலங்களில் போல அரிசிச் சேவையால் செய்யப்படுவதில்லை. இத்தாலியக் கோதுமைச் சேவையான ஸ்பெகத்தியால் செய்யப்படுகிறது. இதற்குக் காரணமாக இன்றும் சொல்லப்படுவது, 1866இலும் அதன் பின்னரும் ஐரோப்பா சென்று வந்த ஜொகூர் ஆட்சியாளர் அபு பக்கார், இத்தாலியில் ஸ்பெகத்தியைச் சுவைத்து விரும்பி, ஊர் திரும்பியதும் லக்சாவில் அதைச் சேர்க்கும்படி பணித்தார் என்னும் செவிவழிச் செய்தியாகும். அவர் 1885இல் சுல்தான் பட்டம் ஏற்று, 1895இல் லண்டனில் மறைந்தவர். ஆவணம் கொண்டு நிறுவப்பட்டதா என்று எவரும் கேட்காத அளவுக்கு இக்கதை அவ்வுணவோடு ஒட்டிவிட்டது.

இக்கதையில் அரசர் இருக்கிறார், இத்தாலி இருக்கிறது, ஆணையைக் கேட்டுத் திகைத்திருக்கக்கூடிய ஒரு சமையற்காரரும் பெயரின்றி நிற்கிறார். ஆனால் அதே தட்டில் ஊற்றப்படும் குழம்பை நோக்கினால் வேறொன்று உறுத்துகிறது. மலாய்க்காரர் பாராங் என்றும் தமிழ் மீனவர் முள்ளுவாளை என்றும் அழைக்கும் மீனை வேகவைத்து, முள் நீக்கி அரைத்து, தேங்காய்ப்பாலும், வறுத்த தேங்காய்த் துருவலை எண்ணெய் கசிய இடித்த கெரிசெக்கும் சேர்த்துக் கொதிக்கவிடும் அக்குழம்பில், பெரும்பாலான செய்முறைகளில் மீன் கறித்தூளும் ஓர் உறுப்பு. ஸ்பெகத்திக்கு ஓர் அரசர் வந்து கதை சொல்கிறார். கறித்தூளுக்கு யாரும் வரவில்லை.

கறித்தூளைத் தமிழர் தந்தது என்று உடனே உரிமை பாராட்டத் தோன்றும். ஆனால் கால வரிசை அதற்கு எளிதில் இடம் தருவதில்லை. அபு பக்காரின் காலத்து ஜொகூர், மிளகும் காம்பியரும் பயிரிட்ட சீனக் குடியேறிகளின் நாடு. காம்பியர் என்பது தோல் பதனிடப் பயன்பட்ட ஒரு கொடியின் இலைச் சாறு. தமிழர் பெருந்தொகையாக அங்கு வந்தது, ரப்பர்த் தோட்டங்களும் 1909இல் நிறைவுற்ற இரயில்பாதையும் ஆளைக் கேட்ட பிறகே. ஆயினும் நீரிணைக்கு அப்பால், அபு பக்கார் வளர்ந்த சிங்கப்பூரில், சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தனர். அங்குள்ள நாகூர் தர்கா 1830 அளவில் எழுந்ததே அதற்குச் சான்று. கொத்துமல்லியும் சீரகமும் அவ்வழியே அரண்மனை அடுக்களையை அடைந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம். ஊகத்திற்கு மேல் அதை உயர்த்த இயலாது.

இந்த இடத்தில் கறித்தூளும் தமிழர் கையிலிருந்து நழுவிவிடுகிறது. லண்டன் பிக்காடில்லியில் 1784இலேயே கறித்தூள் விற்பனைக்கு விளம்பரம் செய்யப்பட்டது. ஒரே கலவையை அடைத்து எல்லாக் கறிக்கும் போடும் வழக்கத்தை, தமிழ் அடுக்களையைவிட ஆங்கிலேயரின் வணிகமே பரப்பியது. ஜொகூரின் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர்க்கென வரிசையாகக் கட்டிய வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்களின் சிறுபருவ நினைவில் கறித்தூள் பொட்டலத்திற்கு முன் அம்மியே வருகிறது. பொழுது விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் புறப்படும் தாய்க்கு அரைக்க நேரமில்லாத நாள்களில், மூத்த மகள் பள்ளி விட்டு வந்து மிளகாயையும் மல்லியையும் நீர் தெளித்து அரைத்து, உருட்டி வைப்பாள். பின்னர் ஊரில் மில் வந்தபோது, வெயிலில் காயவைத்த சாமான்களைப் பையில் கட்டிக் கொண்டுபோய், நெடி தாங்காமல் வாசலில் தும்மியபடி காத்திருப்பார்கள். அந்த மசாலைக்கு அளவு என்று ஒன்று இருந்தது. ஆனால் அது எங்கும் எழுதப்படவில்லை.

எழுதப்பட்டதற்கும் வேறொரு விதி உண்டு. 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’, உறவினர்கள் கடிதம் எழுதிச் சமையல் குறிப்புக் கேட்டுக்கொண்டே இருந்ததால், ஒரேயடியாக எழுதிவிடலாமே என்ற யோசனையிலிருந்து பிறந்தது என்பர். ஆழாக்கு எனும் பழைய முகத்தலளவையில் அது பேசியது. அந்நூலைப் பிடித்துக்கொண்டு சாம்பார் வைப்பவர், ஆழாக்கைக் கோப்பையாக மாற்றிக்கொண்டாலும், எழுதியவரின் பெயரை அறிவார். லயத்து மூத்த மகளின் உருண்டைக்கு அந்தப் பேறு இல்லை. அவள் கைப்பக்குவம் அவள் கையோடு போயிற்று.

கதை கிடைக்காத இன்னோர் உணவும் உண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் போனபோது மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. ஜப்பானியர் அமைத்த சயாம் இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் பிடித்துச் செல்லப்பட்ட பின், எஞ்சியோர் அதை வேகவைத்தும், துருவிக் காயவைத்தும் உண்டனர். இன்று மிளகாயும் தேங்காயும் சேர்த்து மரவள்ளி கிளறும் வீடுகளில் அது சுவைக்காகவே சமைக்கப்படுகிறது. அதன் கதையை விரும்பிச் சொல்வோர் குறைவு, பசி அரசரைப்போல் பெருமைக்குரிய மூதாதை அல்லவே.

ஸ்பெகத்தியின் பெருமையிலும் ஒரு விந்தை உண்டு. பழைய லக்சாவை மாற்றிய துணிச்சல்தான் ஜொகூர் லக்சா. ஆனால் இன்று யாரேனும் ஜொகூரில் அதை மீண்டும் அரிசிச் சேவையில் செய்து பரிமாறினால், இது நம் லக்சா அல்ல என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிற இடங்களில் முள்கரண்டியால் உண்ணும் சேவையை அங்கு மரபாகக் கையாலேயே பிசைந்து உண்கிறார்கள் என்பதையும் இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும்: வந்த பொருளை ஏற்றுக்கொண்டவர்கள், அது கூட்டிவந்த பழக்கத்தை ஏற்கவில்லை. எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதை முடிவுசெய்தவர் அரசர் அல்லர் என்று இதிலிருந்து தோன்றுகிறது.

அப்படியானால் கறித்தூளுக்கும் ஓர் ஊர், ஒரு கப்பல், ஒரு பெயர் தேடிக் கொடுப்பது அவசியமா? பெயர் கொடுத்தால் அக்குழம்பில் தமிழர்க்குரிய பங்கு வெளிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அரசர் கதையைப்போலவே அதுவும், சொல்லச் சொல்ல மற்றவர்களின் கைகளை மறைத்துவிடும் ஒரு கதையாக இறுகலாம். சூலியா வணிகரைச் சொன்னால் லண்டன் கடைக்காரரும், மீனை முள் நீக்கி அரைத்த மலாய்ப் பெண்களும் பின்னுக்குப் போவார்கள். சொல்லாமல் விடுவது நேர்மையா, அல்லது கதை சொல்ல வலிமையுள்ளவர்க்கே மீண்டும் இடம் விடுவதா என்ற வினாவில், இரண்டாவது பக்கமே சற்று கனமாகத் தெரிகிறது. ஆனாலும் தராசு அங்கேயே நிற்கும் என்று உறுதி கூற இயலவில்லை.