கண்கட்டும் கண்ணின்மையும்

கண்ணுடையார் சிறிது பொழுது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பராயின், கண்ணிலார் நிலையை உள்ளவாறு உணர்வரோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. செர்மனி நாட்டு ஆண்டிரியாசு ஐனெக்கே என்பார் 1988-இல் தொடங்கிய ‘இருளில் உரையாடல்’ என்னும் காட்சியில், வருவோர் முழுவிருளிற் புகுவர்; கண்ணிலாரே வழிகாட்டுவர். ஐதராபாத்திலும் 2011-இல் அது தொடங்கப்பெற்றது.

தான் நுகர்ந்தாலன்றிப் பிறர் துன்பம் விளங்காது. ஆகலின் கண்கட்டு நன்றே என்பார் உளர். அது முழுவதும் பொருந்தாது. என்னை? திருச்செங்கோட்டு மலைப்படிகளிற் கண்கட்டி ஏறுவானொருவன் அறுபதாம்படியை எட்டுமுன்னரே நடுங்குவன். அவன் அறிவது ஒளியிழந்த முதல் நாழிகையின் அச்சமே. அப்படிகளிற் பன்னாட் பயின்ற கண்ணிலான் காலாலும் கோலாலும் செவியாலும் பெற்ற அறிவு அவனுக்கு எய்தாது. அமெரிக்காவில், தாமே கண்ணிலாராகிய ஏரியல் சில்வர்மன் என்னும் உளநூலறிஞர் பிறரோடு கூடிச் செய்து 2015-இல் அச்சேறிய ஆய்வும் இதற்குச் சான்றாம். கண்கட்டிப் பார்த்தோர், அங்ஙனம் பாராதோரினும், கண்ணிலாருடைய தொழிற்றிறனையும் தனித்து வாழுந் திறனையும் குறைத்தே மதித்தனர்.

இவ்வேறுபாட்டைப் பெரியபுராணத்தும் காணலாம். கண்ணிழந்த சுந்தரமூர்த்திகள் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று வருந்திச் சென்றது இழப்பின் துயர். பிறவியிலேயே கண்ணிலாராகிய தண்டியடிகளோ, திருவாரூர்க் குளத்தில் கழி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணகழ்ந்தார். அவர் தொண்டு தடைப்பட்டது கண்ணின்மையாலன்று; ஏளனஞ் செய்தோர் அக்கழியையும் கயிற்றையும் பறித்தமையாலேயாம்.

புறவிருள் பிறவற்றை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவவிருள் தன்னையுங் காட்டாது என்பது நம் சித்தாந்தம். கண்கட்டியவன் காண்பது புறவிருளையே. ‘யான் நிறைவுடையேன், இவன் குறையுடையான்’ என்னும் செருக்குக் கட்டவிழ்த்த பின்னும் நிற்கும். முன்னினும் தடித்து, இரக்கம் என்னும் பெயரும் பூணும்.

அற்றேல், அம்முயற்சிகளாற் பயனே இல்லையோ எனின், கண்ணிலார் வழிகாட்டக் கண்ணுடையார் பின்செல்லுமிடத்து உண்டு. ஆயின் அப்பயன் கண்கட்டினால் விளைவதன்று. கண்ணிலாரை ஆசானாகக் கொண்ட பணிவினால் விளைவது. ஆகலின் சேலம், நாமக்கற் பகுதித் திருக்கோயிலாரும் மடத்தாரும் ஒருநாட் கண்கட்டி நடத்தலினும், படிதோறும் கைப்பிடி அமைத்தலும், திருமுறைகளைப் பிரெயில் எழுத்தில் வைத்தலும், இவை எவ்வாறு அமையவேண்டுமெனக் கண்ணிலாரையே வினவி நடத்தலும் செய்வாராக. தண்டியடிகள் வேண்டியது பிறர் கண்ணை மூடுதலன்று. தாம் கட்டிய கயிறு அறாது நிற்றலே என்பதனைக் கடைப்பிடித்தல் நம் கடன்.