பித்தளை ஜெட்டில் களிம்பு

ஆகஸ்ட் கடைசியில், மழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு காலையில், இடப்பள்ளி வீட்டு முன்தாழ்வாரத்தில் வண்டிமேல் கிடந்த தார்ப்பாயை எடுத்தேன். மே மாதம் புனித ஜார்ஜ் தேவாலயப் பெருநாள் முடிந்த வாரத்தில் வாகமண் மேட்டுத் தடங்களில் ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய வண்டி. சோக்கை இழுத்து உதைத்தேன். ஏழாவது உதைக்குப் பிடித்தது. சோக்கைத் தள்ளியதும் அணைந்தது. இழுத்தால் பிடிக்கும், தள்ளினால் அணையும். கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. குண்டூசி முனைகூட நுழையாத துளை அது.

ஆசான் வந்தார். கேரளத்தில் மெக்கானிக்கை ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். தமிழில் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன சொல், இங்கே ஸ்பானர் பிடிக்கிறவருக்கும் உண்டு. எனக்கு அது பிடிக்கும். அவர் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருந்ததைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் வைத்தார். மேலே மங்கிய மஞ்சள். கீழே நீர் போல ஒரு தெளிவு, தனியாக, கோடு போட்ட மாதிரி. கிண்ணத்தின் சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பித்தளை ஜெட்டைச் சுற்றிப் பச்சை.

"சாரே, எல்லாம் எத்தனால் செய்கிற வேலை. இந்தப் பெட்ரோல் வந்ததிலிருந்து எந்த வண்டியும் மழைக்காலம் தாண்டுவதில்லை" என்றார். "ஆமாம் ஆசானே" என்று உடனே சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக நான் சொன்ன அந்த 'ஆமாம்'தான் பிறகு பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை. காரணம் அந்தப் பச்சை நிறம்.

என் அப்பா திருநெல்வேலியிலிருந்து மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு மிளகுக் கிடங்கில் கணக்கெழுத வந்தவர். சிவதீட்சை பெற்றவர். திங்கட்கிழமை சாயங்காலம் பூசைச் செம்புகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தாமே தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே பாடம் நடத்துவார். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. "ஏலே, களிம்பு எங்கிருந்தோ வந்து ஒட்டினது இல்ல. செம்பு என்னைக்கு உண்டோ அன்னைக்கே அதுவும் உண்டு" என்பார். நான் கல்லூரியில் வேதியியல் படித்த திமிரில், "இல்லப்பா, காற்றும் ஈரமும் புளிப்பும் பட்டுத்தான் பச்சை பிடிக்குது" என்றேன். அவர் கையை நிறுத்தவில்லை. "காத்தும் ஈரமும் தங்கத்து மேலயும்தான் படுது. அதுல ஏன் பிடிக்கல?"

முப்பது வருடம் கழித்து, ஒரு ஜெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன்.

வெளியிலிருந்து வந்தது என்ன என்பதை முதலில் பார்க்கலாம் என்று தங்கை மகளைக் கூப்பிட்டேன். அவள் நூறு மில்லி அளவுக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தாள். புதிதாக வாங்கிய பெட்ரோல் 90 மில்லி, தண்ணீர் 10 மில்லி. மூடிக் குலுக்கி வைத்தோம். சற்று நேரத்தில் கீழே நின்ற தண்ணீர் 10ல் இல்லை, 27ஐத் தொட்டிருந்தது. "மாமா, தண்ணி பெட்ரோலுக்குள்ள இருந்த ஆல்கஹாலை எல்லாம் கீழ கூப்பிட்டுருச்சு" என்றாள். எத்தனாலுக்குப் பெட்ரோலோடும் சேரத் தெரியும், தண்ணீரோடும் சேரத் தெரியும். ஆனால் இரண்டும் எதிரே நின்றால் அது தண்ணீரின் பக்கம் போய்விடும். பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 5 மில்லி தண்ணீர் வரை கரைத்து வைத்திருக்கும். இருபது சதவீதக் கலவை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தாங்கும் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு டேங்கின் அடிக்கு இறங்கிவிடும். எஞ்சினுக்குக் குழாய் போவது அந்த அடியிலிருந்துதான்.

2012ல் நான் இந்த வண்டியை வாங்கியபோது அதன் கையேட்டில் இருபது என்ற எண்ணே இல்லை. 2022 ஜூனில் நாடு பத்து சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் இருபது சதவீதப் பெட்ரோலைப் பிரதமர் தொடங்கி வைத்தார். 2030க்கு என்று வைத்திருந்த இலக்கு முன்னால் இழுக்கப்பட்டு, 2025ல் எந்தப் பெட்ரோல் பங்கில் நின்றாலும் இதுதான் என்றானது. வெறும் பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இருபது சதவீதக் கலவைக்கு 13.5 அளவில் வரும். இப்போதைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் சென்சார் இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக்கொடுக்கும். கார்புரேட்டரில் துளை துளைதான். போட்ட அளவுக்கு மேல் ஒரு சொட்டு தராது. ஏற்றத்தில், முதல் கியரில், உருளும் கல்லில் எஞ்சின் வறண்டு எரிந்து கொதிக்கும். ஆசான் பிறகு மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக மாற்றித் தந்தார்.

இவ்வளவும் வெளியிலிருந்து வந்ததுதான். அடுத்து டேங்கைக் கழற்றினோம். மூடியைச் சுற்றி விழும் மழைநீர் வடிய ஒரு சிறு துளை உண்டு. அதில் வாகமண் செம்மண் காய்ந்து இறுகியிருந்தது. மே மாதம் சேற்றில் இரண்டு முறை வண்டியைச் சாய்த்தவன் நான். கழுவியபோது வெளியே பளபளப்பாக்கிவிட்டு அந்தத் துளையை விட்டவனும் நான். தார்ப்பாயில் கிழிசல் இருந்ததும் தெரியும். மூன்று மாத மழை மூடியைச் சுற்றித் தேங்கி, போக வழியில்லாமல் உள்ளே இறங்கியிருக்கிறது. டேங்கைக் கவிழ்த்தபோது பழுப்பாகத் துருவும், பிசின் போன்ற ஒரு படிவும் வந்தன. அந்தத் துரு மூன்று மாதத்தில் வந்ததல்ல. பத்து வருடமாக அடியில் சத்தமில்லாமல் கிடந்தது. எத்தனால் நல்ல கரைப்பான். பழைய படிவை அது இளக்கி, ஜெட்டின் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

அப்பா கேட்டது இதைத்தான். காற்றும் ஈரமும் தங்கத்தின் மேலும் படுகின்றன.

சித்தாந்தம் மலங்களை மூன்றாகச் சொல்கிறது. ஆணவம் உயிரோடு என்றும் உடன் இருப்பது. நெல்லில் உமி போல. கன்மமும் மாயையும் பிறகு சேர்க்கப்படுபவை. அவற்றை இறைவன் சேர்க்கிறான், கட்ட அல்ல, கழுவ. உடல், புலன், உலகம் எல்லாம் மாயையிலிருந்து வந்த கருவிகள். அழுக்கைப் போக்க இன்னொரு அழுக்கு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதற்கு எடுத்த உவமை துணி வெளுப்பது. வெளுப்பவர் அழுக்குத் துணியில் சாணியையும் உவர்மண்ணையும் சேர்க்கிறார். சேர்த்ததும் போகும், முன்பே இருந்ததும் போகும்.

இடப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் காலடி. சங்கரர் பிறந்த ஊர், பெரியாற்றங்கரை. அதிரப்பள்ளிப் பக்கம் வண்டி ஓட்டப் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் போவேன், படித்துறையில் சற்று உட்காருவேன். சங்கரர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறைந்ததில்லை. கயிற்றைப் பாம்பென்று கண்டவனுக்கு விளக்கு போதும். கயிறு என்று அறிந்த கணத்தில் பாம்பு இல்லை. அறியாமை அந்த வகையானது என்றால் அறிவே விடுதலை. ஆனால் சைவ ஆகமங்கள் வேறு சொல்கின்றன. மலம் ஒரு பொருள், கண்ணில் விழுந்த படலம் போல. படலம் விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதால் பார்வை வராது. வைத்தியன் கை வேண்டும். அன்று காலை எனக்கு அடைப்பு எங்கே என்று தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே எத்தனை முறை உதைத்தாலும் எஞ்சின் அணையாமல் ஓடவில்லை. ஜெட்டை ஆசான் கழற்றி, திரவத்தில் ஊறவைத்து, நைலான் இழை ஒன்றால் பொறுமையாகத் துளைத்து எடுக்க வேண்டியிருந்தது. கம்பியால் குத்த விடமாட்டார். பித்தளை மெதுவானது, துளை பெரிதாகிவிடும் என்பார். என் வாழ்க்கையிலும் இப்படித்தான். என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இருபது வயதிலேயே தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று? காலடிப் படித்துறையில் உட்கார்ந்தே நான் அப்பாவின் பக்கம் சாய்ந்தேன்.

ஆனால் ஒரு முள் மிச்சம் இருந்தது. சேர்ப்பது கழுவத்தான் என்றால், நம் டேங்கில் எத்தனாலைச் சேர்த்ததையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானா?

இதற்கு ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்துக்கு அருகிலுள்ள தோபி கானாவுக்குப் போனேன். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் வழியினர் இன்றும் அங்கே கல்லில் துணி துவைக்கிறார்கள். முறுக்கிய கயிற்றில், கிளிப் இல்லாமல், இழைக்குள் செருகி உலர்த்துகிறார்கள். அப்பாவின் வேட்டிகளை வெளுத்துத் தந்த ஒரு பெரியவர் இன்னும் வருகிறார்.

"அண்ணாச்சி, சோடா எவ்வளவு போடணும்னு எப்படித் தெரியும்?"

"துணியைக் கையில எடுத்தா தெரியும் தம்பி. ஆஸ்பத்திரி விரிப்புக்குப் போடுறதைப் பட்டுக்குப் போட்டா, அழுக்கோட பட்டும் போயிரும். எல்லாத்துக்கும் ஒரே கரண்டின்னா அது வெளுக்கிறது இல்லை."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கலப்பு என்பதாலேயே ஒன்று இழிவாகிவிடாது. பெட்ரோலே நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. பித்தளையே செம்பும் துத்தநாகமும். எத்தனாலைச் சேர்க்கச் சொல்லும் காரணங்களும் பொய்யல்ல: வெளிநாட்டு எண்ணெய்க்குப் போகும் பணம் குறையும், கரும்பு விவசாயிக்குக் காசு வரும். ஆனால் சித்தாந்தத்தில் மாயையைச் சேர்ப்பவன் ஒவ்வொரு உயிரின் பக்குவத்தையும் அறிந்தவன். அந்த அறிவு இருப்பதால்தான் சேர்ப்பது அருளாகிறது. நேற்று வந்த வண்டிக்கும், ரப்பர் வளையம் ஊறி உப்பிவிடும் பழைய வண்டிக்கும் ஒரே கரண்டி என்பது அருளல்ல. பிரேசில் 1975லேயே எத்தனால் திட்டத்தைத் தொடங்கிய நாடு. அங்கே கலப்புப் பெட்ரோலும் தனி எத்தனாலும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. 2003 முதல் எதையும் ஏற்கும் கார்கள் வந்தன. இங்கே எத்தனால் கலக்காததும் கிடைக்க வேண்டும், எவ்வளவு கலந்தது என்று பங்கில் எழுத வேண்டும் என்று கேட்ட மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எழுதி வைப்பதையாவது செய்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். துணிக்காரனுக்குத் தெரியாமல் சோடா போடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு, அது இந்த விசாரணைக்குள் அடங்கவில்லை. எத்தனால் கரும்பிலிருந்து மட்டும் வருவதில்லை. மக்காச்சோளம், குருணை, இந்திய உணவுக் கழகத்துக் கிடங்கு அரிசியிலிருந்தும் வருகிறது. கரும்பு வழியே ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணக்கிடுகிறது. அப்பா தரையில் சிந்திய பருக்கையைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் ஞாயிற்றுக்கிழமை மேட்டில் சந்தோஷத்துக்காக வண்டி ஏற்றுகிறேன். அந்த அரிசி என் முறுக்கலில் எரிகிறது. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டு பயணத்தை ஒன்றாகக் குறைத்திருக்கிறேன். அது போதாது என்பதும் தெரியும்.

இந்த வருடம் பெருநாள் கூட்டம் கலைந்து, நேர்ச்சைச் சேவல்களின் சத்தமும் அடங்கிய மறுநாள், வானம் தெற்கே கறுத்திருந்தது. டேங்கை முழுதாக வடித்தேன். பெட்ரோல் குழாயை அடைத்து, கிண்ணத்தில் மிச்சமிருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டேன். மூடியைச் சுற்றியுள்ள துளையை ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் செய்து, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். நீர் நின்று யோசிக்காமல் வடிந்து தரையில் விழுந்தது. பைலட் ஜெட்டைக் கழற்றிப் புளித்தண்ணீரில் போட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளை வழியே பார்த்தேன். மழைக்கு முந்திய வெளிச்சத்தில் பக்கத்து வீட்டுத் தென்னையின் ஒரே ஒரு கீற்று தெரிந்தது.