கண்ணாடி போன பிறகு

டிஎஸ்எல்ஆரில் பல வருடம் படம் எடுத்தவர் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறும்போது முதலில் சொல்லும் குறைகள் பொத்தான்களையும் மெனுவையும் பற்றியவை. அவற்றைக் கை தானே பழகிக்கொள்ளும். கடினமான வேலை வேறு. இத்தனை நாள் அனுபவம் என்று நம்பியதில் எவ்வளவு திறமை, எவ்வளவு பழைய கருவியின் குறையைச் சமாளிக்கக் கற்ற வித்தை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காதவர் புதுக் கேமராவுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பழைய கேமராவையே தொடர்ந்து இயக்கிக்கொண்டிருப்பார் என்பது என் கட்சி.

நடுப்புள்ளிப் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். டிஎஸ்எல்ஆரின் சாய்ந்த கண்ணாடி, லென்ஸ் வழியாக வரும் ஒளியில் பெரும்பகுதியை மேலே வியூஃபைண்டருக்கு அனுப்பும். ஒரு பகுதி கீழே தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகும். அந்தச் சென்சாருக்கு எட்டிய பரப்பு குறைவு என்பதால் ஃபோகஸ் புள்ளிகள் நடுவில் குவிந்திருந்தன. நடுப்புள்ளியில் முகத்தைப் பிடித்து, ஷட்டரைப் பாதி அழுத்தி, கேமராவை நகர்த்திப் படத்தை அமைக்கும் முறை அதனால் வந்தது. எஃப் 1.4 லென்ஸை முழுக்கத் திறந்து, கிட்டத்தில் இப்படி நகர்த்தினால் கூர்மை கண்ணிலிருந்து காதுக்குப் போய்விடும். மிரர்லெஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. பெரும்பாலானவற்றில் புள்ளிகள் ஓரம்வரை பரவியிருக்கின்றன. கண்ணைத் தானே தேடிப் பின்தொடர்கிறது. இரண்டு சென்சார்களுக்கு இடையே மயிரிழை விலகலைச் சரிக்கட்ட லென்ஸுக்கு லென்ஸ் எண் போட்டு வைத்த வேலையும் போயிற்று. இந்தப் பழக்கத்தை வருத்தமின்றி விடலாம்.

வெளிச்சக் கணிப்பு அப்படியல்ல. வெள்ளை வேட்டி சட்டத்தை நிறைத்தால் மீட்டர் ஏமாந்து அதைச் சாம்பலாக்கும் என்று முன்பே அறிந்து ஒரு ஸ்டாப் கூட்டுவது பழைய ஆட்களின் பெருமை. இப்போது அழுத்துவதற்கு முன்பே வியூஃபைண்டரில் முடிவு தெரிகிறதே, இனி அந்த அறிவு எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திரை என்ன வரும் என்று காட்டுமே தவிர, எது வேண்டும் என்று சொல்லாது. பட்டுச்சேலையின் சரிகை வெளுக்காமல் காப்பதா, மணப்பெண்ணின் முகத்து நிழலைத் திறப்பதா என்பதை எடுப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். தவிர, அந்தத் திரையும் ஏமாற்றும்: இருட்டில் படம் போதுமான அளவு வெளிச்சமாய் இருப்பதாக நம்பவைக்கும். ஸ்டூடியோ ஃப்ளாஷ் பயன்படுத்தும்போது ஃப்ளாஷ் இன்னும் எரியாததால் வெறும் இருட்டைத்தான் காட்டும். முன்காட்சியையே அணைக்க வேண்டியிருக்கும். ஹிஸ்டோகிராம் படிக்கத் தெரிந்தவருக்கு இங்கே பழைய படிப்பு வீணாகாது.

தருணத்தைக் கணிப்பது இன்னும் நுட்பமானது. டிஎஸ்எல்ஆரில் ஷட்டர் திறக்கும் அந்த நொடிக்கூறில் கண்ணாடி மேலே எழுந்துவிடுவதால், எடுப்பவர் தாம் எடுப்பதையே பார்ப்பதில்லை. ஆகவே கொஞ்சம் முந்தி அழுத்தக் கற்றார்கள். 2016-இல் வந்த ஒலிம்பஸ் ஈ-எம்1 மார்க் 2, பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முன் ஓடிய சில சட்டங்களையும் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தது. அப்படியானால் கணிப்பு செத்துவிட்டதா? தாலி முடிச்சு விழும்போது அட்சதை பறக்கும், நாத்தனார் கை குறுக்கே வரும், வீடியோக்காரர் முன்னால் நிற்பார். எந்த இடத்தில் நிற்பது என்பதை எந்தக் கேமராவும் முன்கூட்டிச் சேமித்துத் தராது. முந்தி அழுத்தும் விரலுக்கு வேலை குறைந்தது, காலுக்குக் குறையவில்லை. புதியதும் தன் பங்குக்குக் குறைகளோடுதான் வருகிறது: சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் மண்டபத்து எல்இடி விளக்குகள் படத்தில் பட்டைப் பட்டையாக விழலாம். மெக்கானிக்கல் ஷட்டருக்குத் திரும்ப வேண்டிய நேரம் எது என்பது இனிக் கற்க வேண்டிய வித்தை.

மாறவே வேண்டாம் என்பவர்களின் வாதம்தான் இருப்பதில் வலுவானது. கண்ணாடி வழியே தெரிவது உண்மையான ஒளி. நாள் முழுக்கச் சின்னத் திரையைப் பார்த்தால் கண் அசரும். பேட்டரிக் கணக்கும் அவர்கள் பக்கமே. நிகான் டி850-க்கு ஒரு சார்ஜில் 1,840 படங்கள் என்று மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு, 2018-இல், கிட்டத்தட்ட அதே பேட்டரியோடு வந்த இசட்7-க்கு 330. நடைமுறையில் இரண்டிலும் இதைவிடக் கூடுதலாகவே எடுக்கலாம் என்றாலும் இடைவெளி பெரியது. இதற்காக டிஎஸ்எல்ஆரிலேயே தங்குபவரைப் பத்தாம்பசலி என்று சொல்ல மாட்டேன். பென்டாக்ஸ் 2021-இல்கூட அவருக்காக கே-3 மார்க் 3 என்ற புது உடலைக் கொண்டுவந்தது. எனக்குப் புரியாதவர், மிரர்லெஸை வாங்கிக் கண் தேடும் வசதியை அணைத்துவிட்டு நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள்பவர். அவருக்கு டி850-உம் போதும், பேட்டரியும் மிச்சம்.