தலைப்பெருநாள் விருந்தின் பாரம் யாருடையது?

திருமணம் முடிந்து வரும் முதல் பெருநாளைத் தலைப்பெருநாள் என்கிறோம். பெண் வீட்டார் மருமகனை அழைத்துப் புத்தாடை கொடுத்து விருந்தளிப்பது நெடுநாளைய வழக்கம். (சீர் என்ற பெயரில் அதற்குள் புகுந்து கொண்ட கைக்கூலியின் வாடையைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கே அது வேண்டாம்.) இப்போது தனிக்குடித்தனம் வைத்த இளம் தம்பதிகள் சிலர், இரு வீட்டாரையும் தங்கள் வீட்டுக்கே அழைத்து விருந்து வைக்க விரும்புகிறார்கள். நல்ல விருப்பம்தான். உறவை இணைத்து வாழ்வதை மார்க்கம் வலியுறுத்தியிருக்கிறது. ஆனால் இந்த விருந்தில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது.

ஜவ்வாது மலையடிவாரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துப் படவேட்டில் அப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய ஊர் அது. இன்று வாழைத் தோட்டங்களும் நெல் வயல்களும் ரேணுகாம்பாள் கோயிலுக்கு வரும் கூட்டமுமாகக் காட்சி தருகிறது. கணவனுக்குச் சிறிய கடை. வருமானம் வாடகைக்கும் அடுப்புக்கும் சரியாகப் போகிறது. மணமாகி இரண்டு மாதங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வேலூரிலிருந்து அவன் வீட்டார், ஆரணியிலிருந்து அவள் வீட்டார், போளூரிலிருந்து பெரியத்தா குடும்பம் என்று நாற்பது பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நாற்பது பேருக்கு ஆட்டுக்கறி, சீரகச் சம்பா, நெய், தாளிச்சாவுக்குப் பருப்பு, இனிப்பு, வாடகைக்குத் தேக்சா என்று எழுதிக் கூட்டினால், கடையின் இரண்டு மாத வரவு அதிலேயே போய்விடும். இலை மட்டும்தான் அந்த ஊரில் கவலையில்லாத பொருள்! இரவில் மனைவி, "என் மஹர் சங்கிலியை வைத்து வாங்குங்களேன், பிறகு மீட்டுக்கொள்ளலாம்" என்கிறாள்.

அவன் வாங்கலாமா?

மஹர் பெண்ணின் சொத்து. அவள் மனமுவந்து அதில் எதையேனும் கொடுத்தால் கணவன் தாராளமாக அனுபவிக்கலாம் என்று திருமறையின் நான்காம் அத்தியாயம் அனுமதிக்கிறது. ஆகவே கூடும் என்று சொல்லிவிடலாம். ஆனால் மனமுவந்து என்பதுதான் அங்கே நிபந்தனை. "மருமகள் வந்த முதல் விருந்து எப்படி?" என்று ஊர் கேட்கப்போகிறதே என்ற அச்சத்தில் கழற்றிக் கொடுப்பது மனமுவந்து கொடுப்பதாகுமா? அந்தச் சங்கிலி போகப்போவதோ வட்டிக்கடைக்கு. ஓர் இறைத்தூதரின் தியாகத்தை நினைவுகூரும் நாளில், வட்டியில் எடுத்த பணத்தால் அடுப்பு மூட்டுவதா?

இந்த இடத்தில் நமது சொற்பொழிவாளர்கள் வழக்கமாக அந்த இளைஞனைத்தான் கடிந்துகொள்வார்கள். ஆடம்பரம் கூடாது, வீண் விரயம் கூடாது என்று அவனுக்கு உபதேசம் நடக்கும். எனக்கு அது பாதி நியாயமாகவே படுகிறது. வீட்டுக்குள் இரண்டு மாதம் முன்பு வந்த பெண்ணுக்கும், நேற்றுவரை தகப்பனார் வீட்டில் உண்டவனுக்கும், "இவ்வளவுதான் எங்களால் இயலும்" என்று பெரியவர்களிடம் சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்? சொல்ல வேண்டியவர்கள் வருகிறவர்கள். விருந்தை எளிதாக்கும் கடமை விருந்தாளியின் தலையில்தான் முதலில் விழுகிறது.

விருந்தாளியைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்ற ஹதீது நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே தொடரில் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இன்னொரு பகுதியை நாம் அதிகம் பேசுவதில்லை. விருந்தாளி, தன் சகோதரனைப் பாவத்தில் தள்ளும் அளவுக்கு அவனிடம் தங்குவது ஆகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவன் எப்படிப் பாவத்தில் தள்ளுவான் என்று தோழர்கள் கேட்டபோது, உபசரிக்க ஒன்றுமில்லாதவனிடம் போய்த் தங்கிவிடுவதே அது என்று விளக்கம் தந்தார்கள். நாள்கணக்கில் தங்குவதைப் பற்றிய ஹதீது அது என்பது உண்மை. ஆனால் சொல்லப்பட்ட காரணம் ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் பொருந்தும். இல்லாதவனை வட்டிக்கடை வாசலில் நிறுத்தும் வருகை, ஒரு பொழுதானால் என்ன, மூன்று நாளானால் என்ன?

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. வீட்டுக்கு வந்தவர் முன் ரொட்டியும் உப்பும் வைத்தார்கள். வந்தவரோ, இதனுடன் ஒரு வாசனைக் கீரையும் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். ஸல்மான் அவர்கள் தமது ஒளுச் செம்பை அடகு வைத்து அதை வாங்கி வந்தார்கள். உண்டு முடித்தவர், அளித்ததில் திருப்தி கொள்ளச் செய்த அல்லாஹ்வைப் புகழ்ந்தார். நீர் திருப்தி கொண்டிருந்தால் என் செம்பு அடகுக்குப் போயிருக்காதே என்றார்களாம் ஸல்மான் அவர்கள்! நமது பெரியத்தாமார்கள் படிக்க வேண்டிய செய்தி இது.

"அப்படியானால் இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் முன்பின் அறியாதவர்களுக்குக் கொழுத்த காளைக் கன்றையே கொண்டுவந்து வைக்கவில்லையா?" என்று கேட்பார்கள். வைத்தார்கள். ஆனால் தமது வீட்டாரிடம் ஓசையின்றிச் சென்று கொண்டுவந்தார்கள் என்று திருமறை கூறுகிறது. கடன்காரனிடம் சென்று அல்ல. இருப்பவன் கன்றை அறுக்கட்டும். இருந்தும் கஞ்சத்தனம் செய்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. குர்பானியும் அப்படித்தான். ஹனபி மத்ஹபில் வசதியுள்ளவருக்கே அது வாஜிப். ஷாபிஈ மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். வசதியற்ற தம்பதிகள் ஆடு வாங்கக் கடன்படச் சொன்னவர் யார்?

இனி, வருகிறவர்கள் என்னதான் செய்வது? கைபர் போருக்குப் பின் திரும்பும் வழியில் அன்னை ஸபிய்யா (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) மணந்தபோது நடந்த வலீமாவைப் பாருங்கள். தோல் விரிப்பு விரிக்கப்பட்டது. யாரிடம் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டுவரச் சொல்லப்பட்டது. ஒருவர் பேரீச்சம் பழமும், ஒருவர் நெய்யும், ஒருவர் பாலாடைக்கட்டியுமாகக் கொண்டுவந்தார்கள். ரொட்டியும் இறைச்சியும் இல்லாத அதுவே வலீமாவாயிற்று. அன்னை ஜைனப் (ரலி) அவர்களின் திருமணத்தின்போது உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் பேரீச்சம் பழமும் நெய்யும் கலந்த ஹைஸ் என்னும் பண்டத்தைச் செய்து, மகன் அனஸ் (ரலி) கையில் கொடுத்தனுப்பினார்கள். நபிகளாரின் வீட்டு விருந்துக்கே வெளியிலிருந்து பாத்திரம் வந்திருக்கிறது. ஆரணிச் சம்பந்தியம்மாள் அரிசியை எடுத்துக்கொண்டு வந்தால் யாருக்கு மானக்கேடு? வேலூர் மாமியார் முந்தின நாளே வந்து வெங்காயம் உரித்தால் கௌரவம் குறைந்துவிடுமா?

அடுப்படியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அபூ உஸைத் (ரலி) அவர்களின் திருமண விருந்தில் புதுமணப் பெண்ணே நின்று பணி செய்தார். இரவே பேரீச்சம் பழங்களை ஊறப்போட்டு, அந்த நீரை நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பருகக் கொடுத்தார் என்று புகாரியில் காண்கிறோம். இதைக் காட்டி, மருமகள் நாற்பது பேருக்கும் தனியே சமைத்துக் கொட்டட்டும் என்பவர்கள், அவர் கொடுத்தது என்ன என்பதையும் பார்க்கட்டும். கணவன் ஈத்காவிலிருந்து அத்தர் மணக்க வந்து திண்ணையில் அமர்ந்து பெருநாள் வாழ்த்து வாங்கிக்கொண்டிருப்பதும் சுன்னத்தல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) கூறியுள்ளார்கள்.

உப்பு குறைந்திருக்கும், சோறு குழைந்திருக்கும். முதல் முறை தேக்சாவில் சமைக்கிறவளுக்கு அளவு பிடிபடாது. நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. பிடித்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். "எங்கள் வீட்டு பிரியாணி..." என்று நாத்தனார் தொடங்கும்போதே மாமியார் பேச்சை மாற்றிவிட வேண்டும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் ஒரு பகலோடு முடிவதில்லை. அதைத் தொடர்ந்து வரும் மூன்று நாள்களும் உண்ணவும் பருகவும் உரிய நாள்களே. நாற்பது பேரும் ஒரே வேளையில் வந்து இறங்காமல், ஒரு நாள் வேலூரார், மறுநாள் ஆரணியார் என்று வந்தால், வாடகைத் தேக்சாவே வேண்டாம். அடுத்த வீட்டு வாழைத் தோட்டக்காரரையும், தெருவிலுள்ள ஏழையையும் உட்கார வைக்க இடமும் கிடைக்கும். வசதியுள்ளவர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவில் கெட்டது என்று ஹதீது வந்திருக்கிறதல்லவா?

அன்னை ஜைனபின் வலீமாவில் உண்டு முடித்தும் சிலர் பேசிக்கொண்டே அமர்ந்திருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து வெளியே போய்த் திரும்பி வந்தும் அவர்கள் எழவில்லை. போகச் சொல்ல வெட்கமாயிருந்தது. உண்டதும் கலைந்து செல்லுங்கள் என்ற 33ஆம் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் அப்போதுதான் இறங்கியது. படவேட்டுக்கு வருகிறவர்களும் அஸர் தொழுததும் விடைபெற்றுச் சந்தவாசலுக்குப் பஸ் ஏறிவிடலாம். போகுமுன் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.