யாருடைய பிடி?

ரேடியோ கண்ட்ரோல் விமானத்தை முதன்முதலாக வாங்கப் போகிறவரை, கடையில் இருக்கும் போர்விமான வடிவங்கள்தான் இழுக்கும். அவருக்கு உகந்தது அதுவல்ல. இறக்கை உடலுக்கு மேலே அமைந்து, நுனிகள் சற்றே தூக்கியிருக்கும் ஃபோம் விமானமே அவருக்கு ஏற்றது. அது ஒருபக்கம் லேசாகச் சாய்ந்தாலும் தானாக நிமிரப் பார்க்கும். பரவலான 'மோட் 2' வகை டிரான்ஸ்மிட்டரில், விமானத்தைச் சாய்க்கும் வலது ஸ்டிக்கை விட்டால், ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் பதறியவர் விடமாட்டார். இன்னும் இறுக்கிப் பிடிப்பார்.

விடுவதா, பற்றுவதா? ஸ்ரீவைணவம் பல நூற்றாண்டுகளாக வாதிட்டுவரும் கேள்வி இது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்விச் செல்கிறது. அருளைப் பெற ஜீவன் தன் பங்குக்கு ஒரு சிறு வியாஜமாவது, அதாவது ஒரு சாக்காவது, காட்டவேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலைப் பிரிவு; இது குரங்குக்குட்டியின் வழி. அதுகூட வேண்டாம், அருள் தானே வந்து எடுத்துக்கொள்ளும் என்பது பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலைப் பிரிவு; இது பூனைக்குட்டியின் வழி.

இந்த இரண்டு பிடிகளையும் பறக்கும் மைதானத்தில் கண்ணாரக் காணலாம்.

ஹாபிஸோன் ஏரோஸ்கவுட் என்ற பயிற்சி விமானத்தின் இறக்கை சுமார் 1.1 மீட்டர். புரொப்பெல்லர் பின்பக்கம் இருப்பதால் மூக்கு குத்தினாலும் அது தப்பிவிடும். அதன் டிரான்ஸ்மிட்டரில் ஆபத்துக்கென ஒரு பட்டன் உண்டு. அழுத்திப் பிடித்தால் போதும், விமானத்துக்குள் இருக்கும் சென்சார் அதை நிமிர்த்திவிடும். அழுத்துவது மட்டும்தான் மனிதர் வேலை. வியாஜத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இன்னொரு முறை பழையது. ஆசிரியரின் டிரான்ஸ்மிட்டரும் மாணவரின் டிரான்ஸ்மிட்டரும் ஒரு கேபிளால் இணைக்கப்படும். ஆசிரியர் ஒரு ஸ்விட்சை இழுத்துப் பிடித்திருக்கும்வரை விமானம் மாணவர் கையில். விரலை விட்ட நொடியே அது ஆசிரியரிடம் திரும்பிவிடும். மாணவர் கூப்பிடத் தேவையில்லை.

இதுவே மேலானது. காரணம், விமானம் தன்னை நோக்கி வரும்போது புதியவருக்கு இடமும் வலமும் மாறித் தெரியும். சரியாகத் திருப்புகிறோம் என்று நம்பியே தரையை நோக்கி ஓட்டுவார். ஆபத்தில் இருக்கிறோம் என்றே அறியாதவர் பட்டனை எப்படி அழுத்துவார்? தென்கலையின் வாதத்துக்கு வலு இங்கேதான். ஆசிரியர் எப்போதும் பக்கத்தில் இருக்கமாட்டார் என்பதும் உண்மை. அதனால் பட்டன் வீண் என்று சொல்லிவிட முடியாது. வாங்கும் டிரான்ஸ்மிட்டரில் பயிற்சி இணைப்பு வசதி இருக்கிறதா, அது ஆசிரியருடையதோடு பொருந்துமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

விமானம் புல்லில் இறங்கி நின்றதும் மாணவர் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "சார், கடைசித் திருப்பம் நான் போட்டதா, நீங்க போட்டதா?"