கொடையும் தோழமையும்

ஈதல் அறம் என்பதில் எந்த நாட்டினர்க்கும் எந்தச் சமயத்தினர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் ஈதலுக்குள்ளேயே ஒரு வினா மறைந்து நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒருவன் கொடுத்துக்கொண்டும் மற்றொருவன் பெற்றுக்கொண்டும் இருந்தால், அவ்விருவரிடையே வளர்வது உறவா, அடிமைத்தனமா? பசித்தவனுக்கு ஒருவேளை சோறிடும்போது இவ்வினா எழுவதில்லை. ஒரு திருச்சபையோ சங்கமோ ஏழைச் சிற்றூர்களோடு தலைமுறைக் காலம் தொடர்பு கொள்ளும்போதுதான் எழுகிறது.

இவ்வினாவை உலக அரங்கில் துணிந்து எழுப்பியவர் ஒரு தமிழர். நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவே அவர். 1910ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலகக் கிறித்துவ ஊழிய மாநாடு கூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேராளர்கள் வந்திருந்த அவ்வவையில் ஆசியர் மிகச் சிலரே. மேலைநாட்டு ஊழியர்களின் உழைப்பை நன்றியோடு போற்றிய அசரியா, அவர்களுக்கும் இந்தியர்க்கும் இடையே நிலவிய விலகலையும் மறைக்காது கூறினார். பொருளையும் உயிரையும் ஈந்தவர்கள் நட்பையும் ஈய வேண்டும் என்பதே அவ்வுரையின் சாரம். கேட்டோர் பலர்க்கு அது கசந்தது.

பிறரிடம் நட்பை வேண்டுவது எளிது; தாம் அதனைக் கடைப்பிடிப்பது அரிது. அசரியாவுக்கு அச்சோதனை அண்மையிலேயே காத்திருந்தது. இந்தியரே ஆட்களாகவும், இந்தியரே பொருள் தருவோராகவும், இந்தியரே நிருவகிப்போராகவும் அமைய வேண்டும் என்னும் கொள்கையோடு, 1903இல் நெல்லைக் கிறித்துவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தனர். அச்சங்கம் தெரிந்தெடுத்த களம், நிசாம் ஆட்சிக்குட்பட்ட ஐதராபாத்து நாட்டிலிருந்த தோர்ணக்கல் பகுதி. அங்கே சங்கத்தின் பணியை ஏற்றோருள் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என ஒதுக்கப்பட்ட தெலுங்குக் கூலி உழவர். எடின்பரோவில் பெறுவோர் சார்பில் நின்று பேசியவர், இங்கே கொடுப்போர் பக்கம் நிற்க நேர்ந்தது. 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் திருநிலைப்படுத்தப்பட்டபோது, அந்த இடைவெளி இன்னும் அகன்றிருக்கக்கூடும்.

அதனைக் குறுக்க அவர் செய்தவை நோக்கத்தக்கவை. அவர் தெலுங்கு கற்றார். அம்மக்கள் தமிழ் கற்க வேண்டுமென்று எதிர்பார்க்கவில்லை. 1939இல் திறக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயம் கோயிலையும் பள்ளிவாசலையும் நினைவூட்டும் தூண்களோடும் குவிமாடங்களோடும் எழுந்தது. உள்ளூர் மக்களிடமிருந்தே குருமாரும் ஆசிரியரும் உருவாயினர். இவை எல்லாவற்றினும் ஆழ்ந்த பொருளுடையது வேறொன்று. ஏழையும் கொடுக்க வேண்டும் என்று அவர் கற்பித்தார். காசில்லாதவர் தம் விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுக்கலாம் என்றார்.

அடுப்பெரியாத வீட்டில் கொடை கேட்பது கொடுமையன்றோ எனச் சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. வறியவனிடமிருந்து வலிந்து பெறுவது கொள்ளையாகும். ஆனால், 'நீ கொடுக்கத் தக்கவன் அல்லன்' என்று ஒருவனிடம் என்றென்றும் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு கொடுமையே. நூற்றாண்டுகளாக எதையும் தரத் தகுதியற்றவர் என்று தள்ளப்பட்ட மக்கள், தம் கைத் தானியத்தைப் பொதுக் களஞ்சியத்தில் இடும்போது இரவலர் என்னும் நிலை மாறுகிறது. அக்களஞ்சியத்தின் கணக்கைக் கேட்கும் உரிமையும் அப்போதே அவர்க்குப் பிறக்கிறது.

இதனினும் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. 1930களில் காந்தியடிகள், பள்ளியும் மருத்துவமும் மதமாற்றத்துக்குத் தூண்டிலாகக் கூடாது என்று வற்புறுத்தினார். விலை எதிர்பார்க்கும் உதவி வாணிகமே என்னும் அளவில் அக்கூற்றை மறுத்தல் அரிது. அசரியாவோ, ஒடுக்கப்பட்டோர் தம் வாழ்வின் வழியைத் தாமே ஆய்ந்து தெரிந்துகொள்ளும் ஆற்றலுடையவர் என்று கருதினார். இருவரும் இறுதிவரை உடன்படவில்லை. எனினும் அவ்விருவர் கருத்தையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. உதவி பெறுபவன், உதவியை இழக்காமலே 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறதா? முடியுமாயின் அங்கே தோழமை உண்டு. முடியாதெனின், எத்தனை கிணறுகள் வெட்டினும் எத்தனை பள்ளிகள் கட்டினும் அங்கே இருப்பது ஆட்சியே.

திருவள்ளுவர் ஈகையை 23ஆம் அதிகாரமாக வைத்தார்; அதற்கு முன் 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலை வைத்தார். பிறரும் தம்மோடு ஒத்தவர் என்று அறிந்து வாழும் பண்பு முன்னும், கொடுக்கும் செயல் பின்னும் நிற்பது எண்ணத்தக்கது. அசரியா 1945இல் மறைந்தார். அவர் எழுப்பிய வினா மறையவில்லை. ஏழை மாணவர்க்கு உதவும் சங்கங்களும், சிற்றூர்களைத் தத்தெடுக்கும் நிறுவனங்களும், இலவசப் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் இன்றும் அதற்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர்களே. கொடுத்த தொகையைக் கணக்கிடும் ஏட்டில், பெற்றவர் எத்தனை முறை மறுத்துரைத்தார், எத்தனை முடிவுகளைத் தாமே எடுத்தார் என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட வேண்டும்.